குளக்கரைப் பாதையும் என் ஓரகத்தியும்

எனக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம். ஊரில் எல்லார் மேலும் இல்லை, ஒரே ஒருத்தி மேல்தான். அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. எங்கள் பெரிய குளத்தைச் சுற்றி இன்று ஊரே ஒரு பாதையில் நடக்கிறது. அந்தப் பாதை வந்த கதையை அவளைத் தவிர்த்துவிட்டுச் சொல்லலாமா என்று நானும் பார்த்தேன், முடியவில்லை.

நன்னிலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற சின்னப் பேரூர் எங்களுடையது. ஒரு பக்கம் கடைத்தெரு, ஒரு பக்கம் பள்ளிவாசல் தெரு, நடுவில் பெரிய குளம், சுற்றிலும் வயல். எங்கள் வீட்டு வாசல் நெடுஞ்சாலையைப் பார்த்தது. கொல்லைப்பக்கம் இறங்கினால் எங்கள் வயல், வயலை ஒட்டிக் குளத்தின் தெற்குக் கரை. கரை என்று பேர்தான், அது எப்போதோ கரைந்து வயலோடு வயலாகிவிட்டது. என் மாமனார் பாகம் பிரித்தபோது அந்தத் தெற்குப் பக்கம் முழுவதையும் இரண்டாகப் போட்டு, கிழக்குப் பாதியை மூத்தவருக்கும் மேற்குப் பாதியை என் வீட்டுக்காரருக்கும் கொடுத்தார். மடை கிழக்கே இருந்தது. தண்ணீர் முதலில் அவள் வயலில் பாய்ந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். தலைமடை அவளுக்கு, கடைமடை எனக்கு. வயலில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவர். அவர் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்தது அவள், டிபன் டப்பா கட்டியது அவள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது அவள். நான் வந்து சேர்ந்தபோது ஆள் தயாராக இருந்தார், எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் வத்தக்குழம்பு வைத்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு. அண்ணி கடைசியில கொஞ்சம் வெல்லம் போடுவாங்க" என்றார். அந்த வெல்லம் இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது. சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அவள் சண்டைக்கும் வரமாட்டாள். நான் என்ன சொன்னாலும், "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். சண்டைக்கு வராதவளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? மூத்தவர் காலமான பிறகு ஊரே அவளைப் பொறுமையில் பூமாதேவி என்று சொல்லத் தொடங்கியது. நான் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஸ்டெண்ட் வைத்துக் கூட்டிவந்தோம். அனுப்பும்போது டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தெனமும் நடக்கணும்மா. சமமான தரையில, கொஞ்சம் வேகமா. மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி கால்தான் செய்யணும். விட்டுட்டா மறுபடி என்கிட்டதான் வருவீங்க. வந்து சேருவாரான்னு என்னால சொல்ல முடியாது."

"வயல்ல நடக்கறேனே டாக்டர்" என்றார் இவர்.

"வரப்புல நடக்கறது நடையில்லீங்க. தல சுத்தி சேத்துல விழுந்தா தூக்க ஆள் இருக்காது."

சமமான தரை என்றால் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான், நெடுஞ்சாலை. பஸ், நெல் ஏற்றிப் போகிற லாரி, காரைக்காலுக்குப் பறக்கிற கார், எல்லாம் அதில்தான். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மனுஷன் நடக்க ஒரு முழம் இடம், அதிலும் ஜல்லி. சாயங்காலம் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், திரும்பி வரும்வரை நான் வாசலில்தான் நிற்பேன். ஹாரன் சத்தம் கேட்டால் ரோட்டோரம்வரை ஓடிப் பார்ப்பேன். ஒருநாள் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி தோளை உரசிச் சட்டை கிழிந்து வந்தார். "ஒண்ணுமில்ல, சும்மா பட்டுச்சு" என்றார். நெஞ்சு அடைத்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றியது பஸ்ஸுக்குக் கொடுக்கவா? அன்றைக்குத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. குளத்தைச் சுற்றி ஒரு பாதை வேண்டும். இவர் நடக்க வேண்டும், நடந்து வீடு வந்து சேர வேண்டும்.

அப்படி ஒன்று பக்கத்துப் பேரூரில் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் குளம் எங்கள் குளத்தில் பாதி வராது. அதைச் சுற்றிச் சிமெண்டுக் கல், வரிசையாக விளக்கு, உட்கார பெஞ்ச். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைப்பேன். பார்த்துவிட்டு வயிறெரிவேன்.

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நன்றாக இருக்கிற மனுஷனிடம் சாவைப் பற்றிப் பேசிக் கையெழுத்து வாங்குவது என் தொழில். "வேண்டாம், போங்க" என்று வாசலில் சொன்னவர்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்தவள். இந்த வாய்க்கு ஒரு பாதை வராதா என்று கிளம்பினேன். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பாய்தான் முதலில் அகப்பட்டார். அவருக்குச் சர்க்கரை, அவரும் நெடுஞ்சாலையில் நடந்து நாயிடம் கடி வாங்கியவர்.

"செய்வோம் தங்கச்சி. பேசற வேலை உங்களுது, கணக்கு என்னுது" என்றார்.

இருவரும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். ஊர் ஒரு பங்கு போட்டால் அரசாங்கம் இரண்டு பங்கு போடுகிற திட்டம் ஒன்று இருந்தது. நிலம் மட்டும் ஊரே வாங்கித் தர வேண்டும். அங்கிருந்த இன்ஜினியர் இன்னொன்றும் சொன்னார்.

"பாதை முழுச் சுத்தா இருக்கணும்மா. மூணு கரையோட நின்னா அது முட்டுச்சந்து. முட்டுச்சந்துக்கு லைட் போட மாட்டாங்க, பணமும் குடுக்க மாட்டாங்க."

வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று கரையும் புறம்போக்கு, காட்டாமணக்கை வெட்டினால் போதும். நான்காவது கரைதான் வில்லங்கம். அது எங்கள் வயலும் அவள் வயலும்.

அதற்குப் பிறகு நான் ஏறி இறங்காத படி இல்லை. பாய் தன் வாட்ஸாப் குழுவில் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பையன்களைப் பிடித்தார். போனை என்னிடம் கொடுத்துவிடுவார். "லீவுக்கு வந்து பாத்துட்டுப் போயிடுவீங்க தம்பி. உங்க அத்தா தெனமும் எங்க நடக்கறாங்க தெரியுமா? லாரிக்கு அடியிலதான் நடக்கறாங்க" என்பேன். மறுநாளே பணம் வரும். அக்ரகாரத்தில் ஒரு வீட்டில் மட்டும், "பாதை போட்டா கண்டவா வருவா" என்றார்கள். "கண்டவங்க இப்பவும்தான் மாமி வராங்க, பஸ்ஸு மேல ஏத்த வராங்க" என்றேன். அவர்களும் கொடுத்தார்கள்.

பாதை எப்படிப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது பணம் வசூலிப்பதைவிடப் பெரிய பாடு. நானும் பாயும் கயிறும் குச்சியும் எடுத்துக்கொண்டு கரை கரையாக அலைந்தோம். படித்துறையில் பெண்கள் குளிக்கிறார்கள், அங்கே பாதை பின்னால் விலகிப் போக வேண்டும். கருமாதிக் கொட்டகை பக்கமாகப் போனால் வெள்ளிக்கிழமை யாரும் நடக்க மாட்டார்கள், அங்கே ஒரு வளைவு. பள்ளிவாசல் தெருப் பெண்கள் பொழுது சாய்ந்ததும் கேட்கிற மக்ரிப் பாங்குக்கு முன்னால் நடந்து முடித்து வீடு திரும்ப வேண்டும், அவர்களுக்குக் கிழக்குக் கரையில் தனி வாசல். மேற்கே ஒரு இலுப்பை மரம், அதை வெட்டக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒவ்வொரு குச்சியும் நான் ஊன்றியது. என் ஓரகத்தி அப்போதெல்லாம் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வீடு தெற்குக் கரையின் கிழக்கு முனையில், நாங்கள் அந்தப் பக்கம் போனால், "மோர் குடிக்கிறீங்களா?" என்று கேட்பாள். பாய் குடித்தார். நான் தாகமில்லை என்றேன்.

பணம் கணிசமாகச் சேர்ந்ததும் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டோம். இன்ஜினியருக்குப் போர்த்த நானே பாய் கடையில் ஒரு பொன்னாடை எடுத்து வைத்திருந்தேன், மயில் கழுத்து நிறத்தில் ஜரிகை போட்டது. எந்தத் தெரு எவ்வளவு கொடுத்தது என்று நானே எழுந்து சொன்னேன். தெற்குப் பக்கத்து நிலத்துக்கு இரண்டு குடும்பத்துக்கும் நடப்பு விலை கொடுத்து வாங்கிவிடலாம் என்று முடித்தேன். கை தட்டினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தட்டியிருக்கலாம். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து என் ஓரகத்தி எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க பங்குக்குக் காசு வேணாங்க. அவங்க இருந்தா வாங்கமாட்டாங்க. அவங்க நெனவா எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மண்டபம் அதிர்ந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். யாரோ என் கையிலிருந்த பொன்னாடையை உருவிக்கொண்டு போய் அவளுக்குப் போர்த்தினார்கள். நான் தேர்ந்தெடுத்த மயில் கழுத்து நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது, அதையும் நான் பார்த்துத் தொலைத்தேன்.

அட, நோகாமல் நொங்கு தின்பது என்று இதைத்தானே சொல்வார்கள்! மூத்தவர் போனதிலிருந்து அவள் பங்கு நிலம் தரிசு. தலைமடை நிலத்தைத் தரிசு போட்டு, காட்டாமணக்கு மண்ட விட்டவள். ஆற்றில் போகிற தண்ணீரை அய்யா குடி அம்மா குடி என்கிற கணக்கு. வெயிலில் அலைந்து, நாக்கு வறண்டு, கடைசியில் கைதட்டல் யாருக்கு? என் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் கண் கலங்கி, "அண்ணின்னா அண்ணிதான்" என்றார். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த நொடி மண்டபம் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. மூத்தவள் இனாமாகக் கொடுத்திருக்கிறாள், இளையவர்கள் மட்டும் காசு வாங்குவார்களா? இவர் எழுந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "நாங்களும் காசு வாங்கல" என்றார். இரண்டாவதாகச் சொன்னவருக்குத் தட்ட யாருக்கும் கையில் தெம்பில்லை, சும்மா இரண்டு பேர் தட்டினார்கள். அவள் புண்ணியம் கட்டிக்கொண்டாள், செலவு எங்களுக்கு.

"சம்பா அறுத்ததும் குடுத்துடறோம்" என்று இவர் ஒன்று மட்டும் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் சரி என்றார்கள்.

வேலை தொடங்கியது. மூன்று கரையும் பளிச்சென்று ஆயின. அவள் பக்கத்துக் காட்டாமணக்கை இயந்திரம் வைத்து வழித்து, கிராவல் கொட்டி, எங்கள் எல்லைவரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அங்கே எங்கள் பயிர் நின்றது. மார்கழி பிறந்தபோது இன்ஜினியர் பாய் கடைக்கு வந்து என்னையும் கூப்பிட்டனுப்பினார்.

"தை பொறக்கறதுக்குள்ள இடத்த ஒப்படைச்சாத்தான்மா மார்ச்சுக்குள்ள வேலைய முடிச்சு பில் போட முடியும். இல்லைன்னா இந்தப் பணம் பக்கத்து ஊருக்குப் போயிடும். அவங்க ரெண்டாவது குளத்துக்குக் கேட்டு வச்சிருக்காங்க."

இரண்டாவது குளம்! அவர்களுக்கு ஒன்று போதாதா?

ஆனால் பயிர் இருந்த நிலை அப்படி. கதிர் வெளியே தலை காட்டுவதற்கு முன்னால் தண்டுக்குள்ளே, தொண்டையில், நிற்கிற நாட்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் அப்போது பயிரைச் சூலி, பிள்ளைத்தாச்சி, என்பார்கள். சூலி நிற்கிற வயலோரம் உரக்கச் சண்டைகூடப் போட மாட்டார்கள். அருவாள் என்ற பேச்சே கிடையாது. வீட்டில் பட்டினி என்றாலும் யாரும் அந்தப் பயிர் மேல் கை வைத்ததில்லை. இவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "அறுத்தாத்தான். அதுக்கு முன்னாடி யாரும் எறங்கக் கூடாது."

ஊர் இரண்டு விதமாகவும் பேசியது. சூலி மேல் எப்படிக் கை வைப்பது என்றது. அதே வாயால், பாதை எல்லாக் கரையும் சுற்றி வந்துவிட்டது, இவர்கள் எல்லையில்தான் நிற்கிறது என்றும் சொன்னது. டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தபோது என் ஓரகத்தி அந்த வழியாகப் போயிருக்கிறாள். "பாவம், பயிர் நிக்குதுல்ல. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்று எங்களுக்காகப் பரிந்து பேசினாளாம். பாய் இதை நல்ல செய்தியாக நினைத்து என்னிடம் வந்து சொன்னார். எனக்குப் பரிந்து பேச இவள் யார்? நான் ஊன்றிய குச்சி, நான் வாங்கிய பணம், நான் கெஞ்சிய கெஞ்சல். கடைசியில் நான் இடைஞ்சல், அவள் சிபாரிசு!

அன்று சாயங்காலம் இவர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வந்தபோது முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. லாரிக்கு ஒதுங்கியவர் பள்ளத்தில் விழுந்திருக்கிறார். மஞ்சள் வைத்துக் கட்டினேன். மறுநாள் காலையில் கூட்டாளிகளோடு திருவிடைமருதூர் கோயிலுக்குப் பஸ் ஏறினார். அவர் தலை மறைந்ததும் நான் அருவாளை எடுத்தேன். பஸ்ஸுக்குப் பயந்துதான் அறுத்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். அது பாதி நிஜம், மீதிப் பாதி அவள். அவள் கொடுத்தது தரிசு. நான் நிறைசூலியையே கொடுத்தால் ஊர் யாரைப் பேசும்?

வயல் வேலைக்கு வருகிற பெண்களைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் பின்வாங்கினார்கள். "அக்கா, சூலி வயித்துல அருவாளா? எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு. வுட்டுடுங்க" என்று போய்விட்டார்கள். நானே இறங்கினேன். எனக்குப் பாலிசி எழுதத் தெரியும், பயிர் அறுக்கத் தெரியாது. பாதைக்கு வேண்டிய அகலத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டு, முரட்டுத்தனமாக இழுத்து இழுத்து வெட்டினேன். வெட்டின தண்டை நசுக்கினால் உள்ளே இளங்கதிர் வெளுப்பாக, ஈரமாக இருந்தது. அதைப் பார்க்காமல் வெட்டினேன். பாதி தூரம் போனபோது கிராவல் மேல் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. அவள்தான்.

"அடியே, என்னடி பண்ற? நிறுத்துடி!"

என் வாழ்க்கையில் அவள் என்னை அடியே என்றது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, கடைசியில் சண்டைக்கு வந்தாளே என்று.

"பாதைக்கு எடம் குடுக்கறேன்க்கா. நீங்க குடுக்கலியா?"

"தம்பிக்கு என்னடி பதில் சொல்லுவ?"

"எம் புருஷனுக்கு நான் சொல்லிக்கறேன்!"

அவள் எல்லையில் நின்றாள், எங்கள் வயலில் இறங்கவில்லை. நான் வெட்டி முடிக்கிறவரை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

அன்றைக்கே இன்ஜினியரிடம் இடத்தை ஒப்படைத்துவிட்டேன். எனக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. பாய் கடையில் தலையைச் சொறிந்துகொண்டு, "பெரிய காரியம்தான் தங்கச்சி... ஆனா..." என்று இழுத்துவிட்டு, வந்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். டீக்கடையில் எனக்கு வைத்த பெயர் அருவா வச்ச மகராசி. வெட்டிப் போட்ட பயிரை மாட்டுக்குக்கூட யாரும் அள்ளவில்லை. என் ஓரகத்தியைப் பேசுவதை ஊர் நிறுத்தியது உண்மைதான். என்னைப் பேசியது.

இவர் சாயங்காலம் வந்து, கொல்லைக் கதவில் நின்று பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"ஒரு மாசம். ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?"

"பணம் பக்கத்து ஊருக்குப் போயிடும்னாங்க."

"போகட்டுமே."

"நீங்க அந்த ரோட்டுல நடக்கறீங்களே. நேத்துகூட லாரி..."

"லாரியில அடிபட்டா நான் ஒருத்தன் போவேன். இத்தன உசுர வெட்டிப் போட்டுருக்கியே." பிறகு, எதிரே இல்லாத யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னார்: "அந்தப் பாதையில என் கால் படாது."

பாதை வந்தது. பங்குனி வெயிலுக்கு முன்னால் திறந்தார்கள். விளக்கு, பெஞ்ச், படித்துறைக்குப் பின்னால் நான் குறித்த வளைவு, இலுப்பை மரம், எல்லாம் இருந்தன. அவள் முனையில் மூத்தவர் பெயர் போட்ட சலவைக்கல். எங்கள் முனையில் 'நெல் காயப் போடக் கூடாது' என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்கு அடியிலேயே நெல் காய்ந்தது. ஊரே நடந்தது. பாய் நடந்தார், அவர் வீட்டுப் பெண்கள் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு கூட்டமாக வந்து சிரித்துக்கொண்டே நடந்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் கைகோத்து நடந்தார்கள். அவர்கள் மேலெல்லாம் எனக்குப் பொறாமை. ஊரில் உள்ள தொப்பையெல்லாம் என் பயிர் நின்ற இடத்தில் கரைகிறது. யாருக்காக வெட்டினேனோ அவர் மட்டும் சாயங்காலமானால் முன்வாசல் வழியாக நெடுஞ்சாலைக்குப் போகிறார். எங்கள் கொல்லைக் கதவைத் திறந்து வரப்போடு போனால் பாதை, அதில் முதல் அடியே அந்த வெட்டின இடத்தில்தான் வைக்க வேண்டும். அவர் அந்தக் கதவுப் பக்கமே போவதில்லை.

கெஞ்சினேன், அழுதேன், பேசாமல் இருந்து பார்த்தேன். "நான் செத்துப்போனா அப்பவாவது அதுல நடப்பீங்களா?" என்று கேட்டேன். செய்தித்தாளைப் புரட்டினார். பஸ் ஹாரன் கேட்டால் பழையபடி ரோட்டோரம்வரை ஓடிப் பார்த்தேன். இவ்வளவு பணம், இவ்வளவு நிலம், இவ்வளவு பழி, எல்லாம் போட்டும் நான் மறுபடி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள், இவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த நேரம், கொல்லைப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"தம்பி, வாங்க. கொஞ்ச தூரம் கூட வாங்க. தனியா நடக்க ஒரு மாதிரியா இருக்கு."

என் ஓரகத்தி பாதையில், எங்கள் கதவுக்கு நேரே நின்றிருந்தாள். இவர் பொத்தானில் கை வைத்தபடி நின்றார். முன்வாசலைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கதவைத் தாண்டிப் போய், குனிந்து, பயிர் நின்ற மண்ணை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு காலை வைத்தார். அண்ணி மெதுவாக நடக்க, அவரும் அவள் நடைக்கு நடந்தார். மேற்குக் கரையில் அந்த இலுப்பை மரம்வரை இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டு போவதை நான் கதவில் நின்று பார்த்தேன். நான் வேண்டாத சாமி இல்லை, இவர் இந்தப் பாதையில் நடக்க வேண்டும் என்று. இதோ நடக்கிறார். எனக்கு நெஞ்சு குளிர வேண்டியதுதானே? எரிந்தது. திகுதிகுவென்று எரிந்தது.

திரும்பி வந்து, "அண்ணி கூப்பிட்டாங்க" என்றார், அவ்வளவுதான். நான் கூப்பிட்டபோதெல்லாம் இந்தக் கால் எங்கே போயிருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் நாளைக்கு நடக்க மாட்டார். சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வரவில்லை. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கொல்லைக் கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் அடுப்படியிலிருந்து அதே கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் வேணா வரட்டுங்களா?" என்றேன். எழுந்து முன்வாசல் வழியாகப் போய்விட்டார். ஏதோ ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

நான் கொல்லைக் கதவைத் திறந்து பாதையில் ஓடினேன். வழியில் நடக்கிறவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். அவள் வீட்டுப் படியேறி நான் பல வருஷம் ஆகியிருந்தது. கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா? தம்பிக்கு ஏதாவது..."

"ஏன்க்கா இன்னைக்கு வரல?"

"முட்டி வீங்கிப்போச்சு. நேத்து அவ்ளோ தூரம் நடந்ததுல எந்திரிக்க முடியல. நீ கூட்டிட்டுப் போயேன்."

"நான் கூப்பிட்டா வரமாட்டார்க்கா."

அதை அவளிடம் சொல்லும்போது என் உடம்பெல்லாம் கூசியது. அவள் எண்ணெய்க் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்னு சொல்லேன்."

"நான் சொன்னா கேக்கமாட்டார். ரோட்டுக்குப் போயிட்டார்க்கா. இப்ப போயிட்டிருக்கார். நீங்க வந்து கூப்பிடணும். நாளைக்கும் கூப்பிடணும்."

"வலிக்குதும்மா."

"வலிச்சாலும் வாங்க" என்றேன்.

வாசலில் கிடந்த அவள் செருப்பை எடுத்து வந்து, குனிந்து, அவள் காலடியில் வைத்தேன். வீங்கிப்போயிருந்த அந்த முட்டியைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.